கண்மாய் நிறைந்தும் பறவைகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்து கண்மாயின் உபரிநீர் வழியான கலுங்கு ஓடத் தொடங்கியதும் காரைக்குடிப் பக்கம் வழக்கமாக இரண்டு விஷயங்கள் நடக்கும். "கண்மாய்க்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகை" என்று செய்தி வரும். அதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவும் பிள்ளைகளுமாகக் கரைக்குப் போகிறவர்கள் நாலு முக்குளிப்பானையும் ஒரு நீர்க்காகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கடல் மாதிரி தண்ணீர் கிடக்கும், பறவையைத்தான் காணோம். அப்புறம் தை மாதத்தில், பாதி வற்றிப்போன அதே கண்மாயைப் பேருந்தில் கடக்கும்போது பார்த்தால் வெள்ளை வெளேரென்று நூற்றுக்கணக்கில் நிற்கும்.

செய்தி முழுப் பொய்யும் இல்லை, போனவர்கள் பார்க்கத் தெரியாதவர்களும் இல்லை. தண்ணீர் கூடினால் பறவையும் கூடும் என்று நாம் போடும் கணக்கில்தான் கோளாறு. நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை தேடி வருவது ஆழம் குறைந்த தண்ணீரை. நிறைந்த கண்மாயில் அது எங்கே இருக்கும், எப்போது கரைப்பக்கம் வரும் என்பது தெரிந்துவிட்டால் மழைக்காலப் பறவைகள் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்மாய் வேறு, ஊருணி வேறு

செட்டிநாட்டு ஊர்களில் இரண்டு வகை நீர்நிலைகள் உண்டு. பறவைகளைப் பொறுத்தவரை இரண்டும் இரு வேறு உலகங்கள்.

கண்மாய் பாசனத்துக்காக வெட்டியது. நிலம் சரிகிற பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் மண்கரை இருக்கும். எதிர்ப்பக்கம் கரையே கிடையாது. தண்ணீர் மெல்ல மெல்ல மேடேறிப் புல்லிலும் புதரிலும் போய் முடியும். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சியது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்குகிறது. நீர் பரவும் உட்பகுதிக்கு உள்வாய் என்று பெயர். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் கண்மாய். மடையை ஒட்டி ஆள் முங்கும் ஆழம் இருக்கும். எதிர்முனையில் கணுக்கால்கூட நனையாது.

ஊருணி குடிநீருக்கானது. நாலு பக்கமும் சுவர், இறங்குவதற்குக் கல் படிக்கட்டு. தெருவில் ஓடும் மழைநீரை வீணாக்காமல் ஊருணிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு இங்குள்ள பழைய ஊர்களின் அமைப்பிலேயே உண்டு. ஆனால் படியை விட்டால் நேரே ஆழம். நடந்து இரை தேடும் பறவைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. அதனால் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஊருணிப் படியில் உட்கார்ந்து நாரை வரும் என்று காத்திருப்பது வீண். அங்கே கிடைப்பது மீன்கொத்தி, நீர்க்காகம், முக்குளிப்பான், படியில் சிலையாக நிற்கும் ஒரு மடையான். குறையாகச் சொல்லவில்லை. கல்விளிம்பில் உட்கார்ந்த மீன்கொத்தியைப் படமெடுக்க ஊருணியைவிட வசதியான இடம் இல்லை.

காலும் அலகும் போடும் கணக்கு

ஒரு பறவை எவ்வளவு ஆழத்தில் இரை தேடும் என்பதை அதன் கால் நீளமும் கழுத்து நீளமும் தீர்மானிக்கின்றன. நம் உடம்பையே அளவுகோலாக வைத்துச் சொன்னால்:

1. ஈரச் சேறு முதல் கணுக்கால் வரை: உள்ளான்கள், ஆள்காட்டி. சேற்றுக்குள் இருக்கும் புழு பூச்சிதான் இவற்றுக்கு உணவு.

2. கணுக்கால் முதல் முழங்கால் வரை: நெடுங்கால் உள்ளான், மடையான், சின்னக் கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை. தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேயும் வாத்துகளும் இந்தக் கணக்கில்தான் வரும்: புள்ளிமூக்கு வாத்து, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து.

3. இடுப்புக்கு மேல்: முங்கி மீன் பிடிக்கும் முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா. கூழைக்கடா முங்காது. நீந்தியபடியே பையால் மீனை அள்ளும். ஆழ நீர் அதற்குத் தடையில்லை.

4. மிதக்கும் செடி உள்ள இடம்: இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி. இவற்றுக்குச் செடிதான் முக்கியம், ஆழம் இரண்டாம்பட்சம்.

இரண்டாவது வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். கண்மாயில் கூட்டம் சேர்வதும் சேராததும் அந்த முழங்கால் ஆழப் பட்டையைப் பொறுத்ததுதான். கலுங்கு ஓடும்போது அந்தப் பட்டை கரையிலிருந்து வெகுதூரத்தில், உள்வாயின் எதிர்முனையில், புல்லுக்கும் கருவேலத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும். பறவைகளும் அங்கேதான் சிதறி நிற்கும். கரையில் நிற்பவருக்கு முன்னால் இருப்பது மூன்றாவது வரிசைக்கான ஆழம். நாலு முக்குளிப்பான் மட்டும் கண்ணில் படுவதற்குக் காரணம் இதுதான்.

வயலுக்குத் தண்ணீர் திறந்து, வெயிலும் குடித்து, நீர்மட்டம் இறங்க இறங்க அந்தப் பட்டை கரையை நோக்கி நகர்ந்து வரும். உள்வாயின் சரிவு குறைவு என்பதால் மட்டம் ஓர் அடி இறங்கினாலே பட்டை வெகுதூரம் நகர்ந்துவிடும். கூடவே அகலமும் ஆகும். இருக்கிற மீனும் நத்தையும் குறைந்த நீரில் நெருங்கும். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை கூட்டம் கூடுவதன் ரகசியம் இவ்வளவே. பறவைகள் புதிதாக எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை. பெரும்பாலானவை பக்கத்திலேயே சிதறிக் கிடந்தவைதான்.

ஒரு கண்மாய் ரொம்ப ஆழமாகிவிட்டால் பறவைகள் அந்த வட்டாரத்தையே விட்டுப் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி போலத் தொடர்ந்தவை. ஒன்று நிரம்பி அடுத்தது பாதியில் நின்றால், பறவை அந்த அடுத்ததில் இருக்கும். ஊர்க் கண்மாயில் காணவில்லை என்றால் கலுங்குத் தண்ணீர் போகிற வழியில் நாலைந்து கிலோமீட்டர் போய்ப் பார்ப்பது நல்லது.

செம்மண் கலங்கல்

ஆழம் சரியாக இருந்தும் மழை விட்ட முதல் சில நாள் சில பறவைகள் வராது. காரைக்குடியைச் சுற்றிச் செம்மண்ணும் செம்பறாங்கல்லும் உள்ள பூமி. பெருமழையில் வரத்துக்கால் தேநீர் நிறத்தில் ஓடிவந்து கண்மாயைக் கலக்கிவிடும். கண்ணால் பார்த்து மீன் பிடிக்கும் மீன்கொத்தி, பாம்புத்தாரா, சின்னக் கொக்கு ஆகியவற்றுக்கு அப்போது சிரமம்.

மஞ்சள்மூக்கு நாரைக்கு அந்தச் சிரமம் இல்லை. அது அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே நடக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிக்கொள்ளும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசித் துழாவுவதும், அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்திப் பார்ப்பதும் இதே தொடு உணர்ச்சியை நம்பித்தான். ஆகவே கலங்கல் நீரில் இந்த மூன்றையும் தேடலாம். தெளிந்த பிறகு மற்றவை சேரும்.

'வெளிநாட்டுப் பறவை' என்ற சொல்

செய்திகளில் ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, சைபீரியா என்று நாட்டுப் பெயர்கள் வரிசையாக வரும். அந்த நாடுகளிலிருந்து பறவைகள் இங்கே வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் போகின்றன என்றும் எழுதப்படும். இந்த வாக்கியத்தில் இரண்டு வேறு கூட்டங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிரித்தால் மூன்று வகை கிடைக்கும்.

1. உள்ளூர்வாசிகள். மடையான், முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, வெண்மார்பு மீன்கொத்தி போன்றவை. வருடம் முழுவதும் இங்கேயே. டிராக்டர் பின்னால் ஓடும் உண்ணிக்கொக்கும் இந்த ரகம்தான். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு "புதுப் பறவை" என்று படம் அனுப்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

2. தண்ணீரைத் தொடர்ந்து நாட்டுக்குள்ளேயே அலைகிறவை. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி, கூழைக்கடா, அரிவாள் மூக்கன். இவை தெற்காசியா, தென்கிழக்காசியாவின் சொந்தப் பறவைகள். ஆஸ்திரேலியாவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சும்மா இருப்பவையும் அல்ல. தாய்லாந்தில் காலில் அடையாள வளையமிட்ட ஒரு நத்தைக்குத்தி சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி வங்கதேசத்தில் கிடைத்திருக்கிறது. மழை எங்கே, நத்தை எங்கே என்று போய்க்கொண்டே இருக்கும் சாதி.

3. உண்மையான வலசைப் பறவைகள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பல உள்ளான் இனங்கள். வட ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கியதும் மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக இறங்குகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனிக்குள் கிளம்பிவிடும். இவை இங்கே கூடு கட்டுவதில்லை. வருவது சாப்பிட.

கூடு கட்டுகிறவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள், வெளிநாட்டிலிருந்து வருகிறவை கூடு கட்டுவதில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும், எந்தச் செய்தியையும் படித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படமெடுப்பவர்களுக்கு மூன்றாம் வகையில் இன்னொரு குழப்பம் உண்டு. ஐப்பசியில் வரும் வாத்துக் கூட்டத்தில் ஆணையே காணோம், எல்லாம் மங்கலான பழுப்பு நிறம் என்பார்கள். ஆண் வாத்துகள் குஞ்சு பொரிப்புக் காலம் முடிந்ததும் இறகு உதிர்த்துப் பெண் போன்ற நிறத்துக்கு மாறிவிடுகின்றன. பளிச்சென்ற நிறம் பிறகு மெல்லத் திரும்பும். நீலச்சிறகி இதில் ரொம்பத் தாமதம். ஆணின் வெள்ளைப் புருவக்கோடு நன்றாக விழுந்த படம் வேண்டுமென்றால் மாசி வரை பொறுத்திருப்பதே நல்லது.

வேட்டங்குடி ஏன் வேறு மாதிரி?

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 38 ஹெக்டேர். வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்ததுதான் அது. அங்கே மட்டும் மழைக்காலத்திலேயே கூட்டம் இருப்பது எப்படி?

அங்கே பறவைகள் முக்கியமாகத் தேடி வருவது மரம். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களின் அடி தண்ணீருக்குள் இருந்தால் பூனை, கீரி, நாய் எதுவும் ஏறிப்போக முடியாது. அந்தப் பாதுகாப்பை நம்பித்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. இரை தேடச் சுற்றுவட்டாரத்து வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் பறந்து போய்த் திரும்பும். வீடு ஓரிடம், வேலை வேறிடம். காலக்கணக்கும் பொருந்துகிறது: கார்த்திகை, மார்கழியில் முட்டையிட்டால், குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்கும் தை, மாசியில் சுற்றிலுமுள்ள கண்மாய்கள் வற்றி மீன் நெருங்கிக் கிடக்கும். மழை பொய்த்து மரத்தடி நீர் முன்கூட்டியே வற்றினால் கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடவும் செய்யும்.

கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்பதும் ஆண்டுதோறும் செய்தியாவதுதான். அடைகாக்கத் தொடங்கும் காலமும் தீபாவளியும் ஒட்டி வருகின்றன. வெடிச்சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்து போனால் காக்கை முட்டையைக் கொத்திவிடும்.

கரையில் எங்கே நிற்பது?

இங்கே செட்டிநாட்டுப் பூமியின் சாய்வு நமக்கு உதவுகிறது. நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கண்மாய்களின் கரை பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் அதற்கு மேற்கே. இதிலிருந்து மூன்று முடிவுகள் வரும்.

1. காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். பறவை மேல் வெளிச்சம் நேராக விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எதிர்வெயில். நிழலுருவப் படம்தான் கிடைக்கும்.

2. வடகிழக்குப் பருவக்காற்று பெயருக்கேற்ப வடகிழக்கிலிருந்து வீசும். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். அதாவது அவற்றின் முகம் கரைப்பக்கம் திரும்பியிருக்கும். கரையின் வடகோடியில் நிற்பவருக்கு இறங்கும் பறவை கிட்டத்தட்ட நேர்முகமாகக் கிடைக்கும்.

3. இரண்டு வசதியும் இருந்தும் கார்த்திகையில் பயனில்லை, பறவை எதிர்முனையில் இருப்பதால். முழங்கால் ஆழப் பட்டை கரைக்கு நூறு மீட்டருக்குள் வரும் நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டும். மடைக்கல்லில் நீர் படிந்த கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துவந்தால் அந்த நாளைக் கணித்துவிடலாம்.

பொறுமையில்லாமல் உள்வாய்க்குள் இறங்கி நடப்பவர்களைப் பார்க்க முடிகிறது. மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. முழங்கால் ஆழம் என்று வைத்த கால் தலைக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடும். வேண்டாம்.

கேமரா ஏமாறும் இடம்

மேகம் மூடிய நாள் வெள்ளைப் பறவைக்கு நல்லது. கொக்கின் இறகு வரிகள் வெயிலில் வெளுத்துப் போவதுபோல் போகாது. ஆனால் கேமரா தானாக எடுக்கும் எக்ஸ்போஷர் கணக்கை நம்பக் கூடாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருத்த தண்ணீருக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால் தண்ணீரை வெளுப்பாக்கிக் கொக்கைச் சுண்ணாம்பாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரை முக்காலிலிருந்து ஒரு படி (ஸ்டாப்) வரை குறைக்க வேண்டும். சாம்பல் வானத்துக்கு எதிரே பறக்கும் நீர்க்காகம் என்றால் தலைகீழ்: ஒரு படியாவது கூட்ட வேண்டும்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 நொடி, நிற்பதற்கு 1/500 போதும். மேகமூட்டத்தில் இதற்குக் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு மேல் ஏற்ற வேண்டிவரும். புள்ளிப் புள்ளியாக வருமே என்று பயப்பட வேண்டாம். அசைந்து மங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும்.

அலகில் இடைவெளி இல்லாத நத்தைக்குத்தி படத்தில் விழுந்தால் வேறு இனம் என்று எண்ண வேண்டாம். அந்த இடைவெளி வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு, குஞ்சுக்கு இருக்காது.

கூட்டைப் படமெடுப்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தரும். நாம் நெருங்கி அவை எழுந்து போனால் பத்து நிமிட வெயிலே மொட்டைக் குஞ்சுக்கு ஆபத்து. ட்ரோனும் பதிவுசெய்த குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் அதே பாவக் கணக்கில் சேரும். சரணாலயத்துக்கு வெளியே உள்ள பறவைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மடையானைப் பிடித்து விற்பதுகூடக் குற்றம்தான்.

தூர்வாரினால் பறவை ஏன் குறைகிறது?

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. ஊர் வளரும்போது கண்மாயைச் சீரமைக்கும் பேச்சும் கூடவே வரும். சீரமைப்பு என்றால் வழக்கமாக நடப்பது இதுதான்: உள்வாய் முழுவதையும் ஒரே மட்டமாகத் தோண்டி, சுற்றிலும் கரை உயர்த்தி, நடைபாதை போட்டு, விளக்கு வைப்பது. கொள்ளளவு கூடும், நிலத்தடி நீருக்கும் நல்லது. ஆனால் சாய்ந்த தட்டு, குண்டான் ஆகிவிடும். கண்மாய் பெரிய ஊருணியாக மாறிவிடுகிறது. அப்புறம் அங்கே வருவதும் ஊருணிப் பறவைகள்தான். "தூர்வாரிய பிறகு நாரையே வரவில்லை" என்கிற புலம்பலுக்கு விளக்கம் இதுவே.

கழிவுநீர் கலந்தால் வேறு கதை. ஆகாயத்தாமரை மூடி, முங்கும் பறவைகள் முதலில் போகும். இலைக்கோழியும் தாழைக்கோழியும் கொஞ்ச காலம் பெருகும். சாக்கடை வந்து சேரும் வாயில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக நிற்கும். அழகான பறவை, படத்துக்கும் எடுப்பு. கண்மாய்க்கு உடம்பு சரியில்லை என்பதற்கு அதுவே அடையாளமாகவும் இருக்கலாம்.

பாசனக் கண்மாய் பறவைக்கு இரண்டாந்தர இடம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நாலும் கண்மாய்கள்.

தோண்டவே கூடாது என்பதல்ல. மடையை ஒட்டிய ஆழப் பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் தூர் எடுக்கலாம். எதிர்முனைச் சரிவை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தப் பக்கம் நடைபாதையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். எடுத்த மண்ணில் ஒரு பகுதியைக் கொண்டு உள்வாயிலேயே நாலைந்து திட்டு போட்டு நாட்டுக்கருவேலம் நடலாம். அது நாரைக் கூட்டைத் தாங்கும் அளவுக்கு வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தத் திட்டில் முதல் ஆளாக வந்து உட்காருவது, நனைந்த சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகமாகத்தான் இருக்கும்.